பின்பக்கத்து ‘டொக்’

காரின் பின்பக்கத்திலிருந்து சத்தம் வந்தால் பழி முதலில் ஷாக் அப்சார்பர் மேல்தான் விழுகிறது. வண்டிக்குப் பன்னிரண்டு வயது, ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, வேகத்தடையில் இறங்கும்போதெல்லாம் ‘டொக்’ என்கிறது. “ஷாக் போயிடுச்சு சார், ரெண்டு பக்கமும் மாத்திடலாம்” என்கிறார் மெக்கானிக். மாற்றியாகிறது. பில்லைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்தால் தெருமுனை வேகத்தடையிலேயே அதே ‘டொக்’. அடுத்து ஸ்பிரிங் மேல் சந்தேகம், அதற்கடுத்து பேரிங் மேல். இப்படிப் பாகம் பாகமாக மாற்றி, கடைசியில் டிக்கிக்குள் ஆடிக்கொண்டிருந்த ஜாக்கிதான் குற்றவாளி என்று தெரியவந்த கதை எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் உண்டு.

சத்தம் பிறக்கும் இடத்தைக் காதால் கண்டுபிடிப்பது உண்மையிலேயே கடினம். காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் வேகத்தில் போகிறது. எஃகில் 5,000 மீட்டருக்கும் மேல். பின் அச்சில் விழுந்த ஓர் அடி தரைத்தகடு, சக்கர வளைவு, பின் தூண் என்று எஃகு வழியே ஓடுகிறது. எங்கே பெரிய தகடு ஒன்று அதிரத் தோதாக இருக்கிறதோ அங்கேதான் அது காற்றில் இறங்கிச் சத்தமாகிறது. டிக்கியின் அடித்தகடு அதற்கென்றே அளவெடுத்தாற்போல் இருக்கும். இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேர வித்தியாசத்தையும் அளவு வித்தியாசத்தையும் வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. மூடிய காருக்குள் கண்ணாடியும் கூரையும் அதே ஒலியைத் திருப்பி அனுப்பும்போது அந்தக் கணக்குக் குழம்பிவிடும். நேர் முன்னாலிருந்தும் நேர் பின்னாலிருந்தும் வரும் ஒலிகள் இரு காதுகளையும் ஒரே நேரத்தில் எட்டுவதால் அவற்றைப் பிரித்தறிவது இன்னும் சிரமம்.

ஆகவே ‘எங்கே’ என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவைத்து, ‘எப்போது’ என்று கேட்பதே புத்திசாலித்தனம். வெறும் வண்டியிலா, ஆள் ஏறினாலா? பிரேக் பிடிக்கும்போதா? ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் நகரும் அந்தக் கணத்திலா? எல்லா வேகத்திலுமா, நாற்பதில் மட்டுமா? இவற்றுக்குச் சரியாகப் பதில் சொல்லும் ஓட்டுநர் பாதி வேலையை முடித்துவிட்டார்.

காரணம் எளிது. ‘டொக்’ என்ற சத்தம் உண்டாக இரண்டு விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். ஒன்று, இணைப்பில் ஓர் இடைவெளி. இரண்டாவது, அந்த இணைப்பின் மேல் விழும் விசை திசை மாறுவது. இடைவெளி மட்டும் இருந்தால் போதாது. தளர்ந்துபோன கதவுக் கொண்டியைப் பாருங்கள்: காற்று ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும் வரை அது வாயைத் திறக்காது, காற்று மாறி மாறி அடித்தால்தான் இரவெல்லாம் தட்டும். சஸ்பென்ஷனிலும் அப்படியே. தேய்ந்த இணைப்பு ஒன்று எப்போதும் ஒரே திசையில் அழுத்தப்பட்டுக்கொண்டிருந்தால், தேய்மானம் எவ்வளவு இருந்தாலும் அமைதியாகவே இருக்கும். விசை மறுபக்கம் திரும்பும் கணத்தில் இரும்பு அந்த இடைவெளியைத் தாண்டிப் போய் எதிர்ச்சுவரில் மோதுகிறது. அந்த மோதல்தான் நம் காதுக்கு வருவது. எனவே எந்த இணைப்பில், எந்தச் சூழலில் விசை திசை மாறுகிறது என்று யோசித்தால் ஆள் அகப்பட்டுவிடுவான்.

இதற்குப் பின்பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்று பார்த்துவிட வேண்டும். நம் ஊர்ச் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் மிகப் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது டார்ஷன் பீம் என்ற அமைப்பு. 1974இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் இதைப் பரவலாக்கியது; 2005இல் இந்தியாவில் அறிமுகமான மாருதி ஸ்விஃப்டிலும் இதுதான். இரண்டு சக்கரங்களுக்கும் ஆளுக்கொரு கை முன்னோக்கி நீண்டு வந்து, ஒவ்வொன்றும் ஒரு பெரிய ரப்பர் புஷ் வழியாக வண்டியின் உடலோடு இணைகிறது. இரு கைகளையும் குறுக்கே ஒரு சட்டம் பிணைக்கிறது. சட்டத்தின் குறுக்குவெட்டு ‘V’ அல்லது ‘U’ வடிவில் ஒரு பக்கம் திறந்திருக்கும். வளைய மறுக்கும், முறுக்கினால் இடம் கொடுக்கும். ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது சட்டம் முறுக்கிக்கொள்கிறது. எடையைத் தாங்கச் சுருள் ஸ்பிரிங், ஆட்டத்தை அடக்க ஷாக் அப்சார்பர். அவ்வளவுதான். அசையும் இணைப்புகள் குறைவு, விலை குறைவு, இடமும் குறைவாகவே பிடிக்கும். ஆகவே சிறிய கார் செய்பவர்களுக்கு இதன் மேல் காதல் தீரவில்லை.

இப்போது விசையைப் பின்தொடர்வோம். வண்டியின் எடை முழுக்க ஸ்பிரிங் மேல். சக்கரம் ஏறினால் அந்த அழுத்தம் கூடுகிறது, இறங்கினால் குறைகிறது. ஆனால் சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் தவிர அது பூச்சியத்தைத் தொடுவதே இல்லை. அதனால்தான் ஸ்பிரிங் அமரும் தட்டுகளின் ரப்பர் நசிந்து காகிதமாகிப் போனாலும் சாதாரண ஓட்டத்தில் பெரிதாகச் சத்தம் வராது. ஷாக் அப்சார்பரின் நிலைமை நேர் எதிர். அது எடையைத் தாங்குவதில்லை. வாயு நிரப்பிய வகையில் தண்டு லேசாக வெளியே தள்ளும், அவ்வளவே. சக்கரம் ஏறினால் தண்டு உள்ளே தள்ளப்படுகிறது, இறங்கினால் வெளியே இழுக்கப்படுகிறது. சாலையின் ஒவ்வொரு சிறு நெளிவுக்கும் அதன் மேல்முனையிலும் கீழ்க்கண்ணிலும் விசை ஒருமுறை திசை மாறுகிறது. அங்கே தலைமுடி அளவு இடைவெளி விழுந்தாலும் போதும், ‘லொட லொட’ தொடங்கிவிடும். பழைய காரில் மெதுவாக, சின்னச் சின்னக் குழிகளில் போகும்போது கேட்டு, பெரிய பள்ளத்தில் கேட்காமல் போகும் சத்தத்தில் பெரும்பகுதி இந்த இரு முனைகளிலிருந்துதான் வருகிறது. மேல்முனையின் நட்டு ஒரு சுற்றுத் தளர்ந்திருக்கலாம். அல்லது அதன் இருபக்க ரப்பர் வில்லைகள் சப்பையாகியிருக்கலாம். இரண்டும் மலிவான வேலை. ஷாக்கை மாற்றுகிறேன் என்று கழற்றிப் பழைய வில்லைகளையே திரும்பப் போட்டு முடுக்கினால், புது ஷாக்கோடு பழைய சத்தமும் வீடு வந்து சேரும்.

ஷாக் அப்சார்பருக்கு உள்ளே நடப்பது வேறு கதை. எண்ணெய் நிரம்பிய குழாய்க்குள் ஒரு பிஸ்டன். அதில் சிறு துளைகள். துளைகளை மூடிய மெல்லிய எஃகு வில்லைகள். பிஸ்டன் வேகமாக நகர நகர எண்ணெய் முட்டி வழி தேடுகிறது, எதிர்ப்பு கூடுகிறது, சக்கரத்தின் ஆட்டம் எண்ணெயின் வெப்பமாகிறது. இழுக்கும்போது வரும் எதிர்ப்பைத் தள்ளும்போது வருவதைவிட வலுவாக வைப்பது வழக்கம். பள்ளத்தில் விழுந்து ஏறும் அடியை வண்டி உடலுக்குக் கடத்தாமல், ஸ்பிரிங் திரும்ப எகிறுவதை மட்டும் இறுக்கிப் பிடிப்பதற்காக இந்த ஏற்பாடு. வயதானால் ஸீல் தேய்ந்து எண்ணெய் கசியும், எண்ணெய் குறைந்த இடத்தில் வாயு புகுந்து நுரைக்கும். ஆனால் இப்படிச் செத்த ஷாக் பெரும்பாலும் சத்தமில்லாமலே சாகிறது. அதன் அறிகுறிகள் வேறு: வேகத்தடை தாண்டிய பிறகும் பின்பக்கம் இரண்டு மூன்று தடவை மிதப்பது, டயர் சுற்றிலும் மேடும் பள்ளமுமாகத் தேய்வது, நெடுஞ்சாலைப் பாலங்களின் இணைப்பில் பின்பக்கம் பக்கவாட்டில் தாவுவது. குழாயின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தண்டோடு கொஞ்சம் எண்ணெய் வெளிவருவது இயல்பே. வழிந்து சொட்டினால்தான் மாற்றும் வேளை வந்துவிட்டது.

எண் கணக்குக் கொஞ்சம் பார்க்கலாம். ஸ்பிரிங் மேல் வண்டியின் உடல் ஆடும் வேகத்தைக் கண்டுபிடிக்க அதன் எடையும் ஸ்பிரிங்கின் விறைப்பும் தனித்தனியாகத் தெரிய வேண்டியதில்லை. எடை ஏறியதும் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியது என்று தெரிந்தால் போதும். 25 சென்டிமீட்டர் அமுங்கினால் நொடிக்கு ஓர் ஆட்டம். 11 சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு ஒன்றரை. கார்கள் இந்த எல்லைக்குள்தான் வடிவமைக்கப்படுகின்றன. இது உடலின் ஆட்டம். சக்கரத்துக்கும் அச்சுக்கும் தனி ஆட்டம் ஒன்று உண்டு: டயரையே ஸ்பிரிங்காக வைத்து அது நொடிக்கு 10 முதல் 15 முறை துள்ளும். மணிக்கு 40 கிலோமீட்டர் என்பது நொடிக்குப் பதினொரு மீட்டர். சாலையில் மீட்டருக்கு ஒரு நெளிவு இருந்தால் சக்கரத்துக்கு நொடிக்குப் பதினொரு உதை. சரியாக அதன் சொந்தத் துள்ளலோடு ஒத்துப்போகிறது. நாற்பதில் கடகடவென்று உயிரை வாங்கும் சத்தம் அறுபதில் காணாமல் போவதற்கு இதுவே காரணம். வண்டி தானாகச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு.

வேகத்தடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தியச் சாலைப் பேராயத்தின் 1988ஆம் ஆண்டு வழிகாட்டி, மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கத்தக்க வேகத்தடைக்கு அளவு சொல்கிறது: அகலம் 3.7 மீட்டர், உயரம் 10 சென்டிமீட்டர், வளைவின் ஆரம் 17 மீட்டர். அந்த வேகத்தில் ஒரு சக்கரம் அதைக் கடக்க அரை நொடிக்குச் சற்று அதிகம் ஆகும். நிதானமாக ஏறி நிதானமாக இறங்கும். நம் தெருக்களில் ஒரு லோடு ஜல்லியைக் கொட்டி இரவோடு இரவாக எழுப்பிய மேடுகளுக்கும் இந்த அளவுக்கும் எந்த உறவும் கிடையாது. ஓரடி அகல மேட்டைப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் கடந்தாலும் எல்லாம் பத்தில் ஒரு நொடியில் முடிந்துவிடும். மேட்டின் விளிம்பிலிருந்து சக்கரம் விழுகிறது, ஷாக் தண்டு வெடுக்கென்று இழுபடுகிறது, மேல்முனை ரப்பரின் மேல்பக்க வில்லை முழு விசையையும் வாங்குகிறது. காரின் பின்பக்கத்தை முதலில் கெடுப்பது கிலோமீட்டர் கணக்கைவிட இந்த மேடுகள்தான் என்பது என் கட்சி.

அடுத்த சாட்சி, சுமை. முன்சக்கர இயக்கமுள்ள சிறிய காரில் வெறும் எடையின் பெரும்பங்கு முன்னால் இருக்கிறது, பின்பக்கம் இலகுவானது. பின்னால் மூன்று பேரும் டிக்கியில் பைகளும் ஏறினால் கூடுவது ஏறக்குறைய முழுக்கப் பின் சக்கரங்களின் பாடு. அதனால் வண்டி காலியாக இருக்கும்போது மட்டும் வரும் சத்தமும், நிரம்பியிருக்கும்போது மட்டும் வரும் சத்தமும் ஒரே இடத்திலிருந்து வர வாய்ப்புக் குறைவு. காலி வண்டிச் சத்தம் என்றால் தளர்ந்த இணைப்பு, டிக்கிச் சாமான், பின்சீட்டுக் கொக்கி. நிரம்பிய வண்டியில் மட்டும் ‘தட்’ என்று கனமாக இடித்தால் கையின் அசைவு எல்லை தீர்ந்துவிட்டது என்று பொருள். ஸ்பிரிங் தொய்ந்திருக்கலாம், அல்லது கடைசி இடியை வாங்க வேண்டிய பம்ப் ஸ்டாப் என்ற நுரைக் கட்டை பொடிப்பொடியாகி உதிர்ந்திருக்கலாம். பத்து வருட வண்டியில் ஷாக் தண்டின் உறையை விலக்கிப் பார்த்தால், அந்தக் கட்டை இருந்த இடத்தில் பழுப்பு நிறத் தூள் மட்டும் இருப்பது சகஜம். ஸ்பிரிங் தொய்வை அளக்க ஒரு டேப் போதும்: சமதரையில், சக்கர மையத்திலிருந்து மேல் வளைவு வரை இருபக்கமும் அளந்து ஒப்பிட வேண்டும்.

ஸ்பிரிங் உடைவதும் உண்டு. கடலோர ஊர்களில் கொஞ்சம் தாராளமாகவே. சுருள் ஸ்பிரிங் அமுங்கும்போது அதன் கம்பி வளைவதாகத் தோன்றினாலும் உண்மையில் முறுக்கப்படுகிறது. முறுக்கத்தில் கம்பியின் நடுப்பகுதி ஓய்வாக இருக்க, வெளித்தோல்தான் முழுப் பாரத்தையும் வாங்குகிறது. துரு முதலில் அரிப்பதும் அந்தத் தோலைத்தான். தகைவு விட்டத்தின் மும்மடிக்கு எதிர் விகிதத்தில் மாறுவதால், 12 மில்லிமீட்டர் கம்பி ஓரிடத்தில் 11 ஆக இளைத்தாலே அங்கே தகைவு கிட்டத்தட்ட முப்பது விழுக்காடு கூடிவிடும். மண்ணும் தண்ணீரும் தேங்கும் கீழ்த்தட்டில், கடைசிச் சுற்றில் ஸ்பிரிங் துண்டாக உடைந்த பிறகும் வண்டி வழக்கம்போல் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங் ஒடிப்பதற்குச் சம்பந்தமில்லாமல், மேட்டில் ஏறும்போது ‘டிங்’ என்று கம்பி தெறித்தாற்போல் கேட்டால் டார்ச் எடுத்துக் கடைசிச் சுற்றைப் பார்க்க வேண்டும். இது சத்தம் மட்டும் சார்ந்த விஷயமில்லை. உடைந்த முனை டயரைக் கிழிக்கலாம்.

இனி ரப்பர். பழைய காரின் சத்தம் என்பது பெரும்பாலும் ரப்பரின் மூப்புதான். 1839இல் சார்லஸ் குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சுட்டு அதன் நீண்ட மூலக்கூறுகளுக்கிடையே பாலம் போடக் கற்றுக்கொண்டார். அந்தப் பாலங்கள்தான் இழுத்துவிட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும் குணத்தைத் தருகின்றன. காலமும் வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து இந்தப் பாலங்களை அறுக்கவும் செய்யும், அளவுக்கு மேல் கட்டவும் செய்யும். கூடுதலாகக் கட்டினால் ரப்பர் கெட்டியாகி வெடிக்கும். ஓசோன் இன்னும் கொடியது. காற்றில் நூறு கோடியில் சில பத்துப் பங்குதான் இருக்கிறது, ஆனால் இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரின் மேல்பரப்பில் இழுவைக்குக் குறுக்காகப் பிளவுகளை வரைந்துவிடும். இழுபடாத ரப்பரை அது அவ்வளவாகத் தொடுவதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பழுதுபார்க்கும்போது தேவைப்படும்.

டார்ஷன் பீமின் முன்முனையிலுள்ள பெரிய புஷ் வெறும் ரப்பர் வளையமாக இருப்பதில்லை. வெளியே ஓர் உலோகக் குழல், உள்ளே ஒரு சிறு குழல், இரண்டுக்கும் நடுவே இரண்டோடும் ஒட்டவைத்த ரப்பர். ரப்பருக்குள் வேண்டுமென்றே விட்ட பிறை வடிவ வெற்றிடங்கள். அந்த வெற்றிடங்கள் உள்ள திசையில் புஷ் மென்மையாகவும், இல்லாத திசையில் விறைப்பாகவும் இருக்கும். டயர் ஒரு கல்லில் மோதினால் அச்சு சில மில்லிமீட்டர் பின்வாங்கி அதிர்ச்சியை விழுங்க வேண்டும்; வளைவில் திரும்பும்போது பக்கவாட்டில் நெளியக் கூடாது. இரண்டையும் ஒரே ரப்பர் செய்கிறது. அந்த ரப்பர் கிழிந்தால் உள்குழல் வெளிக்குழலில் இடிக்கும்.

எப்போது இடிக்கும்? மறுபடியும் விசையின் திசை. முன்சக்கர இயக்க வண்டியில் பின் சக்கரங்கள் சும்மா இழுபட்டு வருபவை. உருளும் உராய்வு அவற்றைப் பின்னோக்கி இழுக்கிறது, பிரேக் இன்னும் பலமாகப் பின்னோக்கி இழுக்கிறது. முன்னோக்கிப் போகும்வரை பீம் புஷ் ஒரே பக்கம் சாய்ந்தே இருப்பதால், கிழிந்த புஷ்கூட நெடுஞ்சாலையில் சாதுவாக வரும். ரிவர்ஸில் பிரேக் பிடித்தால் விசை புரண்டுவிடும். அப்போது ஒரு ‘டொக்’, முன்னால் நகர்ந்து மீண்டும் பிரேக் தொட்டால் இன்னொன்று. இந்தச் சோதனைக்கு ஒர்க்‌ஷாப் வேண்டாம், வீட்டு வாசலே போதும். பின்னால் இன்ஜின் விசை போகும் வண்டிகளான அம்பாசடர், பழைய இன்னோவா போன்றவற்றில் கணக்கு வேறு: ஆக்சிலரேட்டரை மிதித்தால் அச்சு முன்னோக்கித் தள்ளுகிறது, விட்டால் பின்வாங்குகிறது. ஆகவே அங்கே கியர் மாற்றும் கணத்தில் புஷ் பேசும். கூடவே புரொப்பெல்லர் ஷாஃப்டின் ஜாயின்ட்டும் அதே கணத்தில் பேசக்கூடும் என்பதால் குழப்பமும் கூடும்.

அம்பாசடரைச் சொன்னதும் ‘கீச்’ சத்தம் நினைவுக்கு வருகிறது. அதன் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று உராய்ந்து நகரும்போது, நின்ற உராய்வு நகரும் உராய்வைவிட அதிகம் என்பதால், பட்டை ஒட்டிக்கொள்கிறது, வழுக்குகிறது, மறுபடி ஒட்டிக்கொள்கிறது. நொடிக்குப் பல நூறு முறை இது நடந்தால் கீச்சொலி. வயலின் நரம்பில் வில் எழுப்பும் ஒலிக்கும் இதே இயற்பியல்தான். பட்டைக்கு இன்ஜினில் வடித்த பழைய ஆயிலைத் தடவும் பழக்கம் நம் ஊர் லாரிப் பட்டறைகளில் உண்டு. பட்டைக்கு அது சரி; பட்டையின் கண்ணில் இருக்கும் ரப்பர் புஷ்ஷுக்கு விஷம். இயற்கை ரப்பர் பெட்ரோலிய எண்ணெயை உறிஞ்சி ஊதி மெதுமெதுவென்றாகிவிடும். அதே காரணத்தால் காரின் புஷ் கீச்சிட்டால் டீசலோ கிரீஸோ அடிக்கக் கூடாது. சத்தம் அன்றைக்கு நிற்கும். ரப்பர் அடுத்த மழைக்குள் கூழாகும். சிலிக்கோன் ஸ்பிரே ரப்பரைக் கெடுக்காது. எந்தப் புஷ்ஷில் அடித்ததும் கீச்சு நின்றதோ அதுதான் குற்றவாளி என்று அடையாளம் காணவும் உதவும்.

எதையும் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. டிக்கியைக் காலி செய்யுங்கள்: ஸ்டெப்னி, ஜாக்கி, அதன் கைப்பிடி, தண்ணீர் கேன், எல்லாவற்றையும். பின்சீட்டு பெல்ட்டின் கொக்கிகளைப் பூட்டிவிடுங்கள். அதே சாலையில் ஒருமுறை போய் வாருங்கள். சத்தம் இன்னும் இருந்தால், மெதுவாகப் போகும்போது பிரேக்கை லேசாகத் தொட்டபடி அதே குழிகளில் இறக்குங்கள். அப்போது நின்றுவிட்டால் பிரேக் டிரம்முக்குள் ஷூ ஆடுகிறது. சைலன்சரைத் தொங்கவிட்ட ரப்பர் வளையங்களைக் கையால் ஆட்டிப் பாருங்கள், இன்ஜின் குளிர்ந்த பிறகு. குழிகளோடு சம்பந்தமில்லாமல், வேகம் கூடக்கூட ஏறும் ‘ஊம்’ என்ற இரைச்சல் சஸ்பென்ஷனே அல்ல. அது வீல் பேரிங் அல்லது தேய்ந்த டயர்.

நின்ற வண்டியில் ஒருவர் பின்மூலையை அமுக்கி அமுக்கி விட, இன்னொருவர் ஷாக்கின் மேல்முனையிலும் கீழ்க்கண்ணிலும் விரலை வைத்துப் பார்ப்பது பழைய மெக்கானிக்குகளின் வழி. நல்ல வழியும்கூட. காதை ஏமாற்றும் அதிர்வு விரலை ஏமாற்றாது. தொட்ட இடத்தில் அடி விழுந்தால் தோலுக்குத் தெரியும். விரல் நசுங்கும் சந்துகளுக்குள் மட்டும் நுழையக் கூடாது. வண்டிக்கு அடியில் போக வேண்டுமென்றால் ஜாக்கியை நம்பக் கூடாது, ஸ்டாண்டு வைத்தாக வேண்டும்.

பாகம் தெரிந்தபின் மாற்றுவது பெரிய வித்தையில்லை. ஆனால் இரண்டு இடங்களில்தான் பெரும்பாலான வேலைகள் வீணாகின்றன. ஒன்று புது ஷாக் அப்சார்பர். இரட்டைக் குழாய் வகை ஷாக், கடையில் மாதக்கணக்கில் படுத்தே கிடந்திருக்கும். வெளிக்குழாயிலிருக்க வேண்டிய வாயு உள்குழாய்க்குள் போய்விட்டிருக்கும். அப்படியே மாட்டினால் பிஸ்டன் எண்ணெயும் வாயுவும் கலந்த கூழில் ஓடி ‘களக் களக்’ என்னும். “புது ஷாக்கே டூப்ளிகேட்டு” என்று கடைக்காரரோடு சண்டை வரும். மாட்டும் நிலையில் செங்குத்தாகப் பிடித்து, முழு நீளத்துக்கும் சில தடவை மெதுவாக இழுத்து அமுக்கினால் வாயு தன் இடத்துக்குப் போய்விடும். பிறகு படுக்க வைக்காமல் மாட்ட வேண்டும். மேல் நட்டை முடுக்கும்போது தண்டு சுற்றுகிறது என்று பிளையரால் கவ்வுவதும் பெரும்பாவம்: குரோம் பூச்சில் ஒரு கீறல் விழுந்தால், தண்டு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அது ஸீலை அறுக்கும்.

இரண்டாவது, இன்னும் முக்கியமானது. பீம் புஷ்ஷின் நடுவே போகும் போல்ட்டை முடுக்கியதும் உள்குழல் வண்டி உடலோடு இறுகிவிடுகிறது. அதற்குப் பிறகு கை ஏறி இறங்கும்போது வழுக்குவது எதுவும் இல்லை, ரப்பர்தான் முறுக்கிக்கொள்கிறது. ஒர்க்‌ஷாப்பில் வண்டி லிஃப்டில் தூக்கியிருக்கும், சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். வசதியாக இருக்கிறதென்று அந்த நிலையிலேயே இம்பாக்ட் கன்னால் முடுக்கிவிடுவார்கள். ரப்பரைப் பொறுத்தவரை இனி அதன் ஓய்வு நிலை தொங்கும் நிலைதான். வண்டியைத் தரையில் இறக்கியதும் கை மேலே எழும்புகிறது. கையின் நீளம் 40 சென்டிமீட்டர், எழும்பிய உயரம் 9 சென்டிமீட்டர் என்றால் சுமார் 13 பாகை முறுக்கு. அது வண்டி ஓடும்போது மட்டும் வருவதன்று. இரவு முழுக்க நிழலில் நிற்கும்போதும் ரப்பர் அந்தப் பதின்மூன்று பாகையைச் சுமந்துகொண்டே நிற்கிறது. குழியில் கை இன்னும் ஏறினால் அதற்கு மேலும் முறுக்கு. எப்போதும் இழுபட்ட ரப்பரைத் தேடித்தான் ஓசோன் வருகிறது என்று பார்த்தோம். ஏழெட்டு வருடம் உழைக்க வேண்டிய புஷ் சீக்கிரமே கிழிவதற்கும், “ஒரிஜினல் போட்டும் நிக்கலையே” என்ற புலம்பலுக்கும் இந்த ஒரு சோம்பலே போதுமானது. போல்ட்டைத் தளர்வாக மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கியோ, அச்சுக்கடியில் ஜாக்கி கொடுத்து நிற்கும் உயரத்துக்குத் தூக்கியோ, அதன் பிறகே கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு முடுக்க வேண்டும். ஷாக்கின் கீழ்க்கண் போல்ட்டுக்கும் இதே விதி.

புஷ்ஷை அச்சிலிருந்து பிதுக்கி எடுத்துப் புதியதை இறக்க ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். பக்கத்து லேத்துப் பட்டறையில் இருக்கும். சுத்தியலால் தட்டி இறக்கினால் வெளிக்குழல் முட்டையாகிவிடும். இறக்கும்போது அந்தப் பிறை வடிவ வெற்றிடங்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்பதைப் பழையதில் குறித்துவைத்து அப்படியே வைக்க வேண்டும். திருகி வைத்துவிட்டால் மென்மையான திசையும் விறைப்பான திசையும் இடம் மாறிவிடும்; சத்தம் நிற்கும், வண்டி வளைவில் வாலை ஆட்டும். ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் போடச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது எண்ணெய்க்கும் தேய்மானத்துக்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் கூடுதல் விறைப்பு சாலை இரைச்சலை உள்ளே கடத்தும், உலர்ந்தால் கீச்சிடவும் செய்யும். அமைதிக்காகப் பழுதுபார்ப்பவருக்கு ரப்பரே நல்லது.

புஷ் மாற்றுவதற்காகப் பீமைக் கீழே இறக்கும் நாளில் கண்ணை ஓட்ட வேண்டிய இடங்கள் இன்னும் இரண்டு: புஷ் வந்து பொருந்தும் உடல்தகடும், பீமின் வெல்டிங் ஓரங்களும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீரில் மூழ்கி எழுந்த வண்டிகளில் இந்த இடங்கள் உள்ளிருந்து துருப்பிடித்திருக்கலாம்; வெளியே அடித்த கறுப்புப் பூச்சு அதை மறைத்துவிடும். ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டினால் நல்ல தகடு கணீரென்றும் துருத்தகடு பொத்தென்றும் ஒலிக்கும். உடல்தகட்டைத் தெரிந்தவர் கையில் கொடுத்து வெட்டி ஒட்டலாம். பீமில் விரிசல் இருந்தால் அதை வெல்டு வைத்துச் சமாளிக்கக் கூடாது. முறுக்கிக்கொள்வதற்கென்றே செய்த சட்டத்தில் ஓரிடம் மட்டும் விறைத்துப்போனால் முறுக்கம் முழுக்க அதன் ஓரத்தில் குவிந்து அங்கேயே அடுத்த விரிசல் தொடங்கும். மாற்று பீம் தேடிச் சென்னையின் பழைய வாகனப் பாகச் சந்தையான புதுப்பேட்டைக்குப் போகிறவர்கள், விலை பேசுவதற்கு முன் அதைக் குறுக்காக நான்கு முனையும் அளந்து பார்ப்பது நல்லது. விபத்தில் வளைந்த பீமும் கண்ணுக்கு நேரானதாகவே தோன்றும்.